வெற்றிக்கு முன்பே வந்த சம்பளம்

'பேட்டில் ஆஃப் தி செக்ஸஸ்' (2017) படத்தில் பில்லி ஜீன் கிங், 55 வயது பாபி ரிக்ஸை நேர் செட்களில் வீழ்த்தும்போது நானும் கைதட்டினேன். உடன் பார்த்த மாணவி கேட்டாள்: "இதனால்தான் சமப் பரிசு கிடைத்ததா டீச்சர்?"

படம் நம் மனதில் விட்டுச்செல்லும் எண்ணம் அதுதான். நடந்தது வேறு. அந்த ஆட்டம் 1973 செப்டம்பர் 20 அன்று. அதற்குள் அமெரிக்க ஓப்பன் முடிந்து, சாம்பியன்கள் மார்கரெட் கோர்ட்டும் ஜான் நியூகோம்பும் ஆளுக்கு 25,000 டாலர் பெற்றுவிட்டார்கள். முந்தைய ஆண்டு அங்கே வென்ற கிங்குக்குக் கிடைத்தது 10,000; நஸ்டாசேக்கு 25,000. சமமாகத் தராவிட்டால் பெண்கள் ஆட வர மாட்டார்கள் என்றார் கிங். 1973 ஜூனில் வீராங்கனைகள் சங்கமும் அமைத்தார்கள்.

1970-இல் ஒன்பது பெண்கள் ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதைப் படம் காட்டுகிறது. ஆனால் உச்சக்கட்டத்தைச் சங்கத்துக்குத் தரவில்லை. ஓர் ஆணைத் தோற்கடிப்பதற்கே தருகிறது. அப்படியானால் கிங் தோற்றிருந்தால் பெண்களின் கூலி குறைந்திருக்க வேண்டுமா? உழைப்புக்கான ஊதியம் ஆணை வென்று வாங்கும் பதக்கம் அல்ல. ரிக்ஸை வென்றதே போதுமென்றால், விம்பிள்டன் சமப் பரிசு தர 2007 வரை ஆகியிருக்காது.