யாருடைய வயல், யாருடைய கவி?

ஈழத்தில் சாதி என்றதும் நம்ம ஆட்களுக்கு யாழ்ப்பாணம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. கே. டானியல் இருக்கிறார், அவருடைய ‘பஞ்சமர்’ இருக்கிறது, கோயில் நுழைவுப் போராட்டமும் தேநீர்க்கடைப் போராட்டமும் இருக்கின்றன. 1986இல் தஞ்சாவூருக்கு வந்த இடத்தில் இறந்து அந்த மண்ணிலேயே அடக்கமானவர் டானியல். அவரை நம்மில் ஒருவராக எடுத்துக்கொண்டது சரிதான். ஆனால் பனந்தோப்பைத் தாண்டி நெல்வயலுக்கு வந்தால் நம் வாசிப்பு நின்றுபோகிறது.

கிழக்கிலங்கையில் அம்பாறைக் கரையோரமாக அக்கரைப்பற்று, நிந்தவூர், சம்மாந்துறை என்று ஊர்கள். பெருவாரியாக முஸ்லிம்கள், பிழைப்பு நெல். கிழக்கு முஸ்லிம்கள் என்றால் நமக்குத் தெரிந்தவை இரண்டுதான். ஒன்று, 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் ஏறாவூரிலும் விடுதலைப் புலிகள் நடத்திய படுகொலை. அதைப் பேசவே நம்மில் பலருக்கு வாய் வரவில்லை என்பது தனிக் கதை. இன்னொன்று ‘கவி’. இந்தக் கட்டுரை கவியைப் பற்றியது.

கவி என்று அங்கே சொல்வது நாலடி நாட்டார் பாட்டை. மச்சானை நினைத்து மச்சி பாடுவாள், மச்சியை நினைத்து மச்சான் பாடுவான். பள்ளிக்கூடத்தையே பார்க்காத பெண்கள் கட்டியவை ஏராளம். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தேடித் தொகுத்திருக்காவிட்டால் பாதி மண்ணோடு போயிருக்கும். அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டவர்கள். என் சண்டை அவர்களோடு இல்லை. அந்தப் பாட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு முன்னுரையும் ஆய்வேடும் எழுதுகிறவர்களோடு.

என்ன செய்கிறார்கள்? தலைவன் கூற்று, தலைவி கூற்று, தோழி கூற்று என்று அடுக்குகிறார்கள். இருத்தல், இரங்கல் என்று உரிப்பொருள் ஒட்டுகிறார்கள். சங்க அகமரபின் அறுபடாத தொடர்ச்சி என்று முடிவுரை. நானும் எம்.ஏ. தமிழ் படித்தவன்தான். இந்தச் சட்டியில் எதைப் போட்டாலும் அகத்திணையாகத்தான் வெந்து வரும். ஒரு கருத்தரங்கில் இப்படி ஒரு கட்டுரை வாசித்தார்கள். ‘மச்சான் ஏன் வீட்ல இல்ல?’ என்று கேட்டேன். ‘பொருள்வயிற்பிரிவு’ என்றார் வாசித்தவர். சரி சார், யாருடைய பொருள்வயின்? அதற்குப் பதில் இல்லை, தேநீர் இடைவேளை விட்டுவிட்டார்கள்.

மச்சான் ஏன் வீட்டில் இல்லை என்பதற்கு இலக்கணத்தில் விடை கிடையாது, நிலத்தில் இருக்கிறது. கரையோர ஊர்கள் மணல் நிலத்தில் வீட்டோடு வீடு இடிக்கிற மாதிரி நெருக்கமாக இருப்பவை. வயல் மேற்கே, மைல் கணக்கில் தள்ளி. வயற்பரப்பை அங்கே ‘வட்டை’ என்பார்கள். ‘வேளாண்மை’ என்றால் நெற்பயிர் என்றே அர்த்தம். அந்தப் பகுதிக் கவிஞர் நீலாவணன் இறந்து ஏழு வருஷம் கழித்து, 1982இல் வெளிவந்த அவருடைய காவியத்துக்கும் அதுதான் பெயர். விதைத்துவிட்டால் பன்றிக்கும் யானைக்கும் காவல் இருக்க வேண்டும். வட்டையில் வாடி கட்டி, பரண் போட்டு, ராத்திரி முழுக்கக் கண்விழித்து மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். தூக்கத்தை விரட்டப் பாட்டு. அடுத்த பரணில் கிடப்பவன் எதிர்ப்பாட்டுப் பாடுவான்.

வயல் யாருடையது? போடியாருடையது. பெரிய நிலக்காரரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், தமிழரிலும் உண்டு முஸ்லிமிலும் உண்டு. அவருக்காக வயலில் முன்னின்று வேலை பார்ப்பவர் முல்லைக்காரர். நம் தமிழ்த்துறை ஆட்கள் கண்ணில் இந்தச் சொல் பட்டால் உடனே காடும் காடு சார்ந்த இடமும் என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஐயா, அது திணை இல்லை, வேலை. அவருக்குக் கீழே, நெல்லைக் கூலியாக வாங்கிக்கொண்டு, விளைச்சலில் தனக்கென்று ஒரு பிடியும் இல்லாதவன் பாடுகிற பாட்டை நாம் ‘காதல்’ என்ற தலைப்பில் போட்டு மூடிவிட்டோம்.

இன்னொரு வித்தியாசத்தையும் கவனிக்க வேண்டும். எங்கள் கீழத்தஞ்சையில் நடவு. என் அம்மா நடவாள். பெண்கள் வரிசையில் குனிந்து நிற்கும்போதே பாட்டு சேற்றிலிருந்து வரும். பண்ணையாரைக் கிண்டல் பண்ணுகிற அடியும் அதிலேயே வந்து விழும். அம்பாறைப் பக்கம் பெரும்பாலும் நேரடி விதைப்பு, நடவு வரிசை இல்லை. முஸ்லிம் பெண்கள் வயலில் இறங்குவதும் குறைவு, இல்லாத வீட்டுப் பெண்கள் அறுத்த வயலில் கதிர் பொறுக்கப் போவார்கள். ஆகவே பெண்குரல் வீட்டு வளவுக்குள்ளிருந்து வருகிறது. அது ஏங்குகிறது என்றால் பெண்மையின் இயல்பு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வேலை பிரிக்கப்பட்ட விதம் அப்படி.

தாய்வழிக் குடிமுறையைப் புகழ்கிறார்களே, அதையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அங்கே குடி தாய்வழியில் வருகிறது, பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிப் பிரதிநிதியாக மரைக்கார் உட்காருவார், வீடு மகளுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவான். பெண்ணுக்கு வீடு என்பது நம் ஊரில் கனவிலும் இல்லாதது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போடியார் மகளுக்கு வீட்டோடு வயலும் போகிறது. கூலிக்காரன் மகளுக்கு ஒரு வீடு எழும்ப வேண்டுமென்றால் அந்த வீட்டுப் பெண்ணே அரபு நாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. இந்த ஏக்கத்தைத் தொகுக்க இன்னும் ஆள் வரவில்லை.

இதைச் சொன்னால், அடிபட்ட சமூகத்தின் உள்குறையைக் கிளறலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அடி உண்மை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலையில் அணை எழுந்தது. மேட்டில் சிங்களக் குடியேற்றங்கள் வந்தன, வாய்க்காலின் வால்முனையில் தமிழ், முஸ்லிம் ஊர்கள் நின்றன. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. அப்புறம் போர். 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்ததும் இந்த மாவட்டம்தான். எல்லாம் சரி தோழர்களே, போடியாருக்கு விழுந்த அடியும் கூலிக்காரனுக்கு விழுந்த அடியும் ஒரே அளவா? ‘பாதிக்கப்பட்ட முஸ்லிம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு பேரையும் திணிப்பது, ‘தமிழர்’ என்ற சொல்லுக்குள் நம்மைத் திணித்த அதே வேலைதான்.

ஒஸ்தா என்று ஒரு பிரிவினர் உண்டு. முடி வெட்டுவதும் சுன்னத்துச் செய்வதும் பரம்பரைத் தொழில். அக்கரைப்பற்றுக்கு 1969இல் முதலில் வந்து, பல தடவை திரும்பி வந்து, 2008இல் ‘குரூசிபிள் ஆஃப் கான்ஃப்ளிக்ட்’ என்ற பெரிய புத்தகத்தை எழுதிய அமெரிக்க மானுடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவர்களைப் பற்றிச் சொல்கிறார்: தாழ்ந்தவர்களாகக் கருதப்பட்டவர்கள், கொள்வினை கொடுப்பினை தங்களுக்குள்ளேதான். தொழுகையில் ஒரே வரிசை, விருந்தில் ஒரே சகனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பாடு. அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். 1981இல் மீனாட்சிபுரத்தில் நம் சனங்கள் அந்த ஒரே வரிசைக்காகத்தான் போனார்கள், போனது நியாயம். ஆனாலும் ஒரே சகனில் கை வைப்பது வேறு, பெண் கேட்டு வாசலில் போய் நிற்பது வேறு. இந்த இடைவெளியை எழுதினால் இஸ்லாத்துக்கு எதிராகப் போய்விடும் என்கிற பயம் நமக்கு. எழுதாவிட்டால் ஒஸ்தா வீட்டுக்கு எதிராகப் போகிறது.

அதே மக்கில்வ்ரே 1983இல் அதே பகுதித் தமிழ்ப் பறையர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மைக்கேல் மொஃபாட் என்பவர் செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரி ஒன்றை வைத்து, தீண்டப்படாதவர்களும் சாதி முறையை மனதார ஏற்றவர்களே என்று 1979இல் புத்தகம் போட்டிருந்த சமயம். மக்கில்வ்ரே தன் தலைப்பிலேயே ‘ஒப்புதல்’ என்பதோடு ‘நெருக்குதல்’ என்ற சொல்லையும் வைத்தார். அந்த ஒரு சொல்லுக்காகவே நம் மாணவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். சாவுக்குப் பறை அடித்தவன் ஏன் அடித்தான் என்பதற்கு மனசை மட்டும் கிண்டினால் போதாது, அவனுக்கு வேறு வழி இருந்ததா என்று பார்க்க வேண்டும். வாடியில் கிடந்தவனின் கவிக்கும் இதுவே பொருந்தும்.

இப்போது அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. களவெட்டியில் மாடு கட்டிச் சூடு மிதித்ததும், அங்கே மட்டும் புழங்கிய தனிச்சொற்களும் வயசாளிகள் வாயில்தான் மிச்சம். கைபேசியோடு கவி பதியப் போகிற தம்பி தங்கச்சிகள் மெட்டோடு சேர்த்து இதையும் கேட்டுக்கொண்டு வரட்டும்: யாருடைய வட்டையில் காவல் கிடந்தீங்க? போகத்துக்கு எத்தனை அவணம் கூலி, கடன் போக வீட்டுக்கு வந்தது எவ்வளவு? ஒஸ்தா வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பதிந்த கவி ஒன்றுகூட நான் பார்த்த தொகுப்புகளில் இல்லை. பக்கத்திலேயே பறையர் வீடுகள் இருக்கின்றன. அங்கேயும் யாரும் போகவில்லை.