பார்த்தலும் அளத்தலும்

"மனம் நோக்கினால்தான் பொருள் உருப்பெறும், இதனைக் குவாண்டம் இயற்பியலே மெய்ப்பித்துவிட்டது" என்னும் கூற்று நம் சமய மேடைகளிலும் கட்டுரைகளிலும் மலிந்து வருகிறது. இதற்குத் துணையாக அழைக்கப்படும் ஆய்வுகளுள் ஒன்று சீனோ விளைவு. இதனை 1977இல் வெளியிட்டவர்கள் வைத்தியநாத் மிஸ்ராவும், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்ற ஈ. சி. ஜி. சுதர்சனும் ஆவர். அவ்வாய்வு இக்கூற்றுக்கு இடந்தருகிறதா என்று காண்போம்.

நிலை மாறக்கூடிய ஓர் அணுவை மிகக் குறுகிய இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் அளந்தால், அது மாறாமலே நிற்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. காரணம் எளிய கணக்கே. தொடக்கக் கணங்களில் மாறும் வாய்ப்பு, காலத்தின் இருமடியாக வளர்கிறது. இடைவெளியைப் பாதியாக்கினால் வாய்ப்பு கால் பங்காகும். அளவை இரட்டித்தாலும் மொத்த வாய்ப்பு பாதியே. பகுக்கப் பகுக்க அது தேய்ந்துபோகும்.

1990இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் இட்டானோ குழுவினர் இதனைச் சோதித்தனர். ஏறத்தாழ 5,000 பெரிலிய அயனிகளை வானொலி அலையால் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற 256 மில்லிவினாடி ஆயிற்று. இடையிடையே லேசர் துடிப்புகளைச் செலுத்தினர். துடிப்புகள் 64 ஆனபோது அயனிகள் ஏறக்குறைய யாவும் பழைய நிலையிலேயே நின்றன. அவற்றைத் தடுத்தது லேசர் ஒளியின் தாக்கம். இடைத்துடிப்புகளை எந்தக் கண்ணும் நோக்கிக்கொண்டிருக்கத் தேவைப்படவில்லை.

"இறுதியில் முடிவைப் படித்தவர் மனிதர் அல்லரோ?" என வினவலாம். நியாயமான வினாவே. விக்னர் என்னும் பேரறிஞர் 1961இல் உணர்வுக்கு இடந்தந்து எழுதினார். 1970இல் சே என்பார் தொடங்கிய ஆய்வு, சூழலோடு கலப்பதனாலேயே குவாண்டம் குறுக்கீடு மறைவதைக் காட்டியபின், அவரே அக்கருத்தைக் கைவிட்டார். பல வாய்ப்புகளுள் ஒன்றே ஏன் நிகழ்கிறது என்பது இன்றும் வழக்கில் உள்ள வினா. ஆயினும் விடை காணாத வினாவை மனத்தின் வெற்றியாகக் கணக்கெழுதுதல் முறையன்று.

குழப்பத்தின் வேர் சொல்லில் உள்ளது. நம் தமிழ்ப்பள்ளி அறிவியலில் உற்றறிதல் வேறு, அளவெடுத்தல் வேறு. முன்னது ஐம்புலனால் அறிவது. குவாண்டம் நூல்களில் "காண்பான்" என்று பெயர்க்கப்படுவது பெரும்பாலும் ஒரு கருவியையே குறிக்கும். "காண்பான்" என்றதும் தமிழ்ச் செவிக்கு உயிர் நினைவுக்கு வருகிறது. அங்கே "அளவி" என்று எழுதினால் பாதி மயக்கம் தீரும்.

சைவத்துக்கும் இக்கூற்றால் ஆக்கமில்லை. சிவஞான சித்தியார் கூறும் காண்டல், கருதல், உரை என்னும் அளவைகள் உயிர் அறியும் வழிகள். பொருளைப் படைக்கும் வழிகள் அல்ல. சித்தாந்தத்தில் உலகம் மாயையின் காரியம்; உள்பொருள்; உயிரின் நோக்கினால் தோன்றுவதன்று. ஆகவே மேடையில் இதனை முழங்குவோர் இயற்பியலையும் பிழைபடக் கூறுகின்றனர். தம் சமயத்தையும் பிழைபடக் கூறுகின்றனர். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, நான் பார்க்காவிட்டால் நிலா இல்லையா?" என்று கேட்டால், "உண்டு" என்று தயங்காமல் கூறுக. அறிவியலும் சித்தாந்தமும் அவ்விடைக்குத் தடை சொல்லா.