எழுவாய் யார்?

ஐக்கிய நாடுகள் சபையின் ஆவணமொன்றை இலக்கியப் பத்திரிகையிலே விமர்சிப்பது எதற்காக என்று வாசகர் சிலர் வினவக்கூடும். ஒரு நாவலை ஆராயப் புகும்போது நாம் எதைக் கேட்கிறோம்? பேசுபவர் யார், யாரைப் பற்றிப் பேசுகிறார், யாருடைய குரல் அங்கே கேட்கவில்லை என்று கேட்கிறோம். கோடானுகோடி மக்களின் வாழ்வைத் தீர்மானிப்பதற்கென்று எழுதப்படும் உரைநடையை இக்கேள்விகளினின்றும் விலக்கிவைக்க நியாயம் எதுவும் நமக்குத் தோன்றவில்லை.

2015ஆம் ஆண்டு செப்டெம்பரில் 193 நாடுகள் ஏற்றுக்கொண்ட நிலைபேறான அபிவிருத்தித் திட்டம் 17 குறிக்கோள்களையும் 169 இலக்குகளையும் கொண்டது. எவரையும் பின்னே விட்டுச் செல்வதில்லை என்பது அதன் உறுதிமொழி. உலக மக்களில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர், அதாவது சுமார் 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க உடல், உளக் குறைபாடுகளோடு வாழ்கின்றனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022இல் கணக்கிட்டது. இவர்கள் அந்த உறுதிமொழியிலே எந்த இடத்தில் நிற்கின்றனர் என்பதே நம்முடைய வினா.

இதற்கு முந்திய ஆவணத்திலே அவர்களுக்கு இடமே இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டுப் பிரகடனத்திலிருந்து பிறந்த எட்டுக் குறிக்கோள்களிலும் அவற்றின் இலக்குகளிலும் உடற்குறையுள்ளோர் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. கொடிய வறுமையில் வாழ்வோரின் விகிதத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று அவ்வாவணம் கூறிற்று. எந்தப் பாதி என்று அது கூறவில்லை. எளிதில் கரையேற்றக்கூடியவரை முதலில் கரையேற்றிவிட்டு, கணக்கு நிறைந்ததென்று அரசுகள் ஓய்ந்துவிட அதிலே வழி இருந்தது. வீட்டின் பின் அறையிலே இருத்தி வைக்கப்பட்ட கண்பார்வையற்ற பெண் அந்தப் பாதியிற் சேர்ந்திருப்பாளென்று நம்புவது கடினம்.

2015ஆம் ஆண்டு ஆவணம் இக்குறையை ஓரளவுக்குத் திருத்தியது. அதை மறுப்பது நேர்மையாகாது. கல்வி, தொழில், ஏற்றத்தாழ்வு, நகரம், புள்ளிவிபரம் ஆகியவை பற்றிய ஏழு இலக்குகளில் இம்மக்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகின்றனர். சம பெறுமதியுள்ள வேலைக்குச் சம ஊதியம் என்னும் இலக்கில் அவர்கள் சேர்க்கப்பட்டிருப்பது சிறிய விடயமன்று. ஆயினும் பசி, சுகாதாரம், பெண்விடுதலை, காலநிலை பற்றிய இலக்குகளில் அப்பெயர் இல்லை. நோயாளியாக எண்ணப்பட்டே நூற்றாண்டுகளாக ஒதுக்கப்பட்டவர்கள் சுகாதாரம் பற்றிய குறிக்கோளில் மறக்கப்பட்டது விந்தையே.

பிரகடனப் பகுதியின் 23ஆம் பந்தியையும் வாசகர் ஊன்றி நோக்க வேண்டும். வலுவூட்டப்பட வேண்டியோரின் பட்டியல் ஒன்று அங்கே வருகிறது. சிறுவர், இளைஞர், உடற்குறையுள்ளோர், நோய்த்தொற்றுடையோர், முதியோர், ஆதிக்குடிகள், அகதிகள், குடிபெயர்ந்தோர் என்று அது நீள்கிறது. உடற்குறையுள்ளோர் என்ற சொல்லை அடுத்து மட்டும் ஓர் அடைப்புக்குறி. அவர்களில் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் வறுமையில் வாழ்கின்றனர் என்பது அதனுள் அடங்கிய செய்தி! பத்தில் எட்டுப் பேர் வறியவர் என்றால் அது தலைப்பிலே வரவேண்டிய குற்றச்சாட்டல்லவா? ஏன் வறியவரானார்கள், யார் ஆக்கினார்கள் என்ற வினாக்களுக்கு அடைப்புக்குறிக்குள் இடம் போதாது.

பட்டியல் போடும் பழக்கம் நமக்கும் புதிதன்று. புறநானூற்றின் 28ஆம் பாட்டு குருடும் கூனும் ஊமும் செவிடுமாக எண்வகைப் பிறப்புகளை எண்ணிச் சொல்லி, அவற்றாற் பயனில்லையென முடிவுகட்டி, அரசனுக்கு அறம் உரைக்க நகர்ந்துவிடுகிறது. நியூயோர்க் ஆவணம் இரக்கம் உடையது, புறப்பாட்டு இரக்கமற்றது. ஆனால் இரண்டிலும் அம்மக்கள் எண்ணப்படுகின்றனரேயன்றி எதையும் செய்வதில்லை. இலக்கண மொழியிற் கூறினால் அவர்கள் செயப்படுபொருளாகவே நிற்கின்றனர். வலுவூட்டுவது, சேர்த்துக்கொள்வது, பாதுகாப்பது ஆகிய வினைகளுக்கெல்லாம் எழுவாய் வேறொருவர்.

வேறு விதமாக எழுத முடியாதா? முடியும் என்பதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. ஒன்று, 2006 டிசெம்பர் 13இல் பொதுச்சபை நிறைவேற்றிய உரிமைச் சமவாயம். 2002 முதல் எட்டு அமர்வுகளில் அது உருவானபோது உடற்குறையுள்ளோரின் ஸ்தாபனங்கள் மண்டபத்தின் உள்ளே இருந்தன. தங்களை விலக்கிவிட்டுத் தங்களைப் பற்றி எதையும் தீர்மானிக்கலாகாது என்பது அவர்களுடைய கோஷம். சட்டமியற்றும்போதும் கொள்கை வகுக்கும்போதும் இவர்களுடைய ஸ்தாபனங்களோடு கலந்தாலோசிப்பது அரசுகளின் கடமையென்று நான்காம் உறுப்புரை விதித்தமை அதன் விளைவாகும்.

இரண்டாவது சான்று யப்பானிலிருந்து கிடைக்கிறது. 2011 மார்ச் 11இல் பூமியதிர்ச்சியும் கடற்கோளும் அந்நாட்டின் வடகிழக்கைத் தாக்கியபோது, அப்பகுதிகளில் உடற்குறையுள்ளோரின் இறப்பு விகிதம் ஏனையோரைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. நான்கு ஆண்டுகளின் பின், தாக்கப்பட்ட பிரதேசத்தின் நகராகிய செண்டாயிலேயே அனர்த்தத் தணிப்பு பற்றிய சர்வதேச மாநாடு கூடியது. அங்கு 2015 மார்ச்சில் எழுதப்பட்ட ஆவணம், ஆபத்தை மதிப்பிடுவதற்கும் திட்டங்களை வகுத்து நிறைவேற்றுவதற்கும் இம்மக்களும் இவர்களின் ஸ்தாபனங்களும் இன்றியமையாதவர் என்கிறது. இங்கே அவர்கள் மதிப்பிடுகின்றனர், வகுக்கின்றனர், அவர்களே எழுவாய். ஆறே மாதங்களின் பின் நியூயோர்க்கில் அவர்கள் மீண்டும் பட்டியலுக்குப் போய்விட்டனர். பிணங்களை எண்ணிய ஊரிலே எழுதப்பட்ட உரைநடைக்கும் இராஜதந்திரிகளின் பேரத்திலே முடிந்த உரைநடைக்கும் உள்ள வேறுபாடென்றே நாம் இதைக் கருதுகிறோம்.

இந்த எழுவாய் வானத்திலிருந்து இறங்கவில்லை. அதற்கு ஒரு போராட்ட வரலாறு உண்டு. 1972இல் இங்கிலாந்திலே, தாம் பிரித்து வைக்கப்படுவதை எதிர்த்து உடற்குறையுள்ளோர் சங்கமொன்றை அமைத்தனர். அதன் மூலவர்களில் போல் ஹண்ட் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்து அதன் கொடுமையை அறிந்தவர். விக் ஃபின்கெல்ஸ்டைன் தென்னாபிரிக்க நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர். சக்கர நாற்காலியில் இயங்கியவர். உடலிலுள்ள குறை வேறு, சமுதாயம் சுமத்தும் முடக்கம் வேறு என்று அச்சங்கம் 1976இல் தெளிவாக வகுத்துரைத்தது. நடக்க இயலாமை உடலைச் சார்ந்தது. படிக்கட்டு கட்டியவர்களைச் சார்ந்தது. 1990இல் நூல் வெளியிட்ட மைக் ஒலிவர் இன்னும் ஆழச்சென்று, தொழிற்சாலையின் வேகத்துக்கு ஈடுகொடாத உடல்களை முதலாளித்துவ உற்பத்தி முறை எவ்வாறு வெளியே தள்ளியதென ஆராய்ந்தார்.

இக்கொள்கையை நாம் ஏற்கிறோம். ஆனால் அப்படியே விழுங்கிவிட இயலாது. பிரித்தானியச் சிந்தனையாளர் உடற்குறையை ஏற்கெனவே இருக்கும் ஒன்றாகக் கொண்டு, அதன்மேற் சுமத்தப்படும் முடக்கத்தையே பெரிதும் ஆராய்ந்தனர். நமது வடக்கிலோ உடற்குறையே உற்பத்தி செய்யப்பட்டது. 2009வரை நீடித்த போரும் அது விட்டுச்சென்ற மிதிவெடிகளும் கால்களைப் பறித்தன. மிதிவெடித் தடைச் சமவாயத்தில் இலங்கை 2017 டிசெம்பரில்தான் சேர்ந்தது. உலக அபிவிருத்தித் திட்டத்திலே சட்டவிரோத ஆயுதப் பரிமாற்றத்தைக் குறைப்பதற்கு ஓர் இலக்கு உண்டு. சட்டப்படி விற்ற ஆயுதத்தாற் காலிழந்தவனைப் பற்றி அது பேசவில்லை.

அவ்வாறு காலிழந்தவனுக்குத் துணைநின்ற பொருள் எங்கே பிறந்தது? 1968இல் ஜெய்ப்பூரிலே ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து றப்பராலான செயற்கைப் பாதமொன்றை ஆக்கினர். மேனாட்டுச் செயற்கைக் காலுக்குச் சப்பாத்து வேண்டும். அதை அணிந்து நிலத்திற் குந்தியிருக்க முடியாது, சேற்றில் இறங்க முடியாது. ஜெய்ப்பூர்ப் பாதம் வெறுங்காலோடு வயலில் இறங்குபவனின் வாழ்விலிருந்து தொடங்கியது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் அது செய்து பொருத்தப்பட்டது. அதனை அணிந்தவன் மீண்டும் உழைப்பாளியானான். அபிவிருத்தி என்ற சொல்லை நாம் இத்தகைய இடத்திலேயே முதலில் வைத்துப் பார்க்க விரும்புகிறோம்.

எண்ணுவதிலும் எழுவாய் மாறலாம் என்பதற்கு நமது குடிசன மதிப்பே சாட்சி. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 18 மாவட்டங்களில் மட்டுமே முற்றாக நடைபெற்றது; அதில் உடற்குறையுள்ளோர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. 2012இல் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டோருமானவர்களில் நூற்றுக்கு 8.7. பத்தாண்டிலே நாடு இவ்வளவு நலிந்துவிட்டதா? வடகிழக்கு முழுமையாகச் சேர்க்கப்பட்டது ஒரு காரணம். வினா மாறியது பெருங்காரணம். பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவுகொள்வதில், தம்மைப் பராமரிப்பதில், பிறரோடு தொடர்புகொள்வதில் சிரமம் உண்டா என்று இம்முறை கேட்டார்கள். ஊனமுற்றவர் எவராவது உண்டா என்றால் தாயும் மறைப்பாள். நடக்கச் சிரமமா என்றால் தன் வினைக்குத் தானே எழுவாயாகி ஒருவர் விடையளிக்கிறார்.

பெயர் மாற்றங்களைப் பற்றி ஒன்று. அங்கவீனர், ஊனமுற்றோர், வலுவிழந்தோர், மாற்றுத்திறனாளிகள் என்று சொற்கள் மாறி வந்துள்ளன. இழிவு தரும் சொல் ஒழிவது நன்றே. ஆனால் இலங்கையிலே அரச சேவை வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்றை இவர்களுக்கு ஒதுக்கும் சுற்றறிக்கை 1988இலேயே வந்தது. உரிமைச் சட்டம் 1996இல் வந்தது. கட்டடங்களில் நுழைவசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அவற்றை நடைமுறைப்படுத்துமாறு 2011இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட வேண்டியிருந்தது. 2007இல் கைச்சாத்திட்ட சமவாயத்தை ஏற்புறுதி செய்ய 2016வரை சென்றது. இக்காலமெல்லாம் சொற்கள் மாறிய வேகத்தில் வாசற்படிகள் மாறவில்லை.

அரசுகளை மட்டும் குறைகூறி ஒதுங்கிவிடுவது முற்போக்காளர்க்கு அழகன்று. குருட்டு நம்பிக்கை, ஊமைச் சனங்கள் என்றெல்லாம் நமது மேடைகளில் நாமும் முழங்கியிருக்கிறோம். அண்மையில் நாம் கலந்துகொண்ட இலக்கியக் கூட்டத்தின் அழைப்பிதழிலே யாவரும் வருக என்று அச்சிடப்பட்டிருந்தது. மண்டபம் மேல்மாடியில். ஏறுவதற்குப் படிக்கட்டைத் தவிர வேறு வழியில்லை, இருபத்திரண்டு படிகள். பல ஆண்டுகளாக அங்கே ஏறியிறங்கி வந்தபோதிலும், இக்கட்டுரையை எழுத முற்பட்ட பின்னரே நாம் அவற்றை எண்ணிப் பார்த்தோம்.