இரட்சணிய யாத்திரிகமும் எளியோரும்

பண்டிதர் போற்றுவதும் பாமரர் தீண்டாததுமாகிய கிறிஸ்தவக் காவியம் ஒன்று தமிழில் உண்டு. 1894-ல் வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’ அது. ஆசிரியர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1827-ல் திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். மதம் மாறினார், கம்பனை மட்டும் விட்டுவந்தாரில்லை. விருத்தத்தின் ஓசையும் வருணனையும் அவருடன் கூடவே வந்தன. நம்பிக்கை மாறினும் செவி மாறாது போலும்! இதனைக் குற்றமென்று கூறோம். புதிய பக்திக்குப் பழைய தமிழையே உடலாகத் தந்தது பெருந்துணிவு.

எமது வழக்கு வேறு. இக்காவியத்திற்கு மூலமாகிய ‘மோட்சப் பிரயாணம்’ எவர் எழுதியது? இங்கிலாந்தில் ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைத்த ஜான் பனியன் என்னும் தொழிலாளி. அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்திற்காகப் பெட்ஃபோர்டுச் சிறையில் 12 ஆண்டுகள் கிடந்தவர். 1678-ல் வெளிவந்த அவர் நூல், முதுகிற் பாவச் சுமையோடு நடக்கும் கிறிஸ்தியானின் கதையை எளிய வசனத்திலே சொல்லிற்று. உழைத்துக் களைத்தவன் அதைத் தன் கதையென்றே படித்தான். தமிழிலோ அச்சுமை இறங்குமுன் செய்யுட் சுமையும் ஏறிற்று! அகராதி இல்லாத ஏழை அப்பிரயாணியோடு எத்தனை காதம் நடப்பான்?

ஆயினும், காவியத்தின் இடையிடையே ‘தேவாரம்’ என்னும் பெயரால் ஆசிரியர் அமைத்த இசைப்பாக்களைப் படிக்குங்கால் எமது கோபம் தணிகிறது. அங்கே அலங்காரம் குறைவு. இறைவன்முன் நின்று உருகும் மனிதனொருவனே உளன். பண்டிதரை மறந்து அவர் பாடிய இடங்கள் அவை. தோட்டத்திலாயினும் பட்டணத்திலாயினும், ஒருவர் படிக்கப் பலர் கேட்க விரும்பின், நேயர்கள் அப்பாக்களிலிருந்தே தொடங்குக.