எண்களும் காதும்

நல்ல பேனா வாங்கிவிட்டால் நல்ல கதை எழுதிவிடலாம் என்று நம்புகிறவர்கள் எப்போதும் உண்டு. அவர்களுடைய சகோதரர்களை இப்போது வேறோர் இடத்தில் பார்க்கிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரை உயர்தர ஒலிப்பதிவுக்கு ஏற்றபடி மாற்றி அமைப்பவர்கள் இவர்கள். "24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்" என்று மந்திரம் போலச் சொல்கிறார்கள். அந்த மந்திரத்தில் சரக்கு எவ்வளவு என்று ரசிகன் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

1982-ல் விற்பனைக்கு வந்த சி.டி., ஒலியை வினாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதி வைத்தது. அளக்கும் வேகத்தில் பாதி வரை உள்ள அதிர்வுகள் பதிவாகும் என்பது கணக்கு. அதாவது சுமார் 22,000 ஹெர்ட்ஸ் வரை. மனிதக் காது இளமையிலேயே 20,000-ஐத்தான் எட்டுகிறது. என்னைப் போல் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அதுவும் இல்லை. அப்படியானால் 192 கிலோஹெர்ட்ஸ் யாருக்காக? வௌவால்கள் ரசிக்கலாம். 2007-ல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. உயர்தர ஒலியையும், அதையே சி.டி. தரத்துக்கு இறக்கிய ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்டவர்கள், காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதற்கு மேல் சரியாகச் சொல்லவில்லை. 2016-ல் பல பரிசோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது மிகச் சிறிய வித்தியாசம் ஒன்று தென்பட்டது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

24 பிட் விஷயம் வேறு. 16 பிட்டில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடம் இருக்கிறது. 24 பிட்டில் காகிதக் கணக்குப்படி 144. நடைமுறையில் நல்ல கருவிகளே 120-ஐ ஒட்டி நின்றுவிடுகின்றன. இருந்தாலும் இது பிரயோஜனமான இடம். பாடுகிறவர் திடீரென்று தார ஸ்தாயிக்குத் தாவினாலும் ஒலி உடையாதபடி, அளவைச் சற்றுத் தாழ்த்தி வைத்தே பதிவு செய்யலாம்.

இதற்குக் கம்ப்யூட்டரில் என்ன மாற்ற வேண்டும்? 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஸ்டீரியோவாகப் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 2 ஜி.பி. பிடிக்கும். பத்து வருஷத்துப் பழைய யந்திரம்கூட இந்தப் பாரத்தைச் சுமக்கும். மைக்கை இணைக்க, யு.எஸ்.பி.யில் செருகும் வெளிக் கருவி ஒன்று வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சத்தமே போடாத எஸ்.எஸ்.டி. வைக்கலாம். கம்ப்யூட்டரின் விசிறி இரையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இருபது வாத்தியங்களைத் தனித்தனியாகப் பதிந்து கலக்குகிறவருக்குத்தான் பெரிய பிராஸஸரும் ரேமும் அவசியம்.

என் நண்பர் ஒருவர் இரண்டு வருஷமாகச் சாமான் சேர்த்துக்கொண்டிருக்கிறார். எண்பது தாண்டிய அவருடைய பெரியம்மாவுக்கு நலங்குப் பாட்டுகள் நிறையத் தெரியும். எந்தப் புஸ்தகத்திலும் ஏறாத பாட்டுகள். அவற்றைப் பதிவு செய்யத்தான் இத்தனை ஏற்பாடும். ஒரு நாள் பரீட்சைக்காகப் பதிந்ததைப் போட்டுக் காட்டினார். 192 கிலோஹெர்ட்ஸ்தான். கூடத்து மின்விசிறியின் கடகடப்பும், பக்கத்து வீட்டுக் குக்கரின் விசிலும் வெகு துல்லியமாகக் கேட்டன. நண்பர் அடுத்த கருவியின் விலையை விசாரித்துக்கொண்டிருக்கிறார். விசிறியை நிறுத்துவதற்குக் காசு வேண்டியதில்லை என்று சொன்னேன்.

எஸ். ஜி. கிட்டப்பா 1933-ல், இருபத்தெட்டு வயது நிறையுமுன் காலமானார். அவர் குரல் நமக்குக் கிடைப்பது பழைய இசைத்தட்டுகளில்தான். ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிஷம், கூடவே ஓயாத கரகரப்பு. எந்த அளவுகோலை வைத்தாலும் மட்டமான பதிவு. ஆனால் அந்தக் கரகரப்பைக் கிழித்துக்கொண்டு குரல் எழும்பும்போது பிட் கணக்கு யாருக்கும் நினைவு வருவதில்லை. அன்று பதிவு செய்தவர்கள் இன்னும் நல்ல யந்திரம் வரட்டும் என்று காத்திருந்தால் அதுவும் நமக்கு இல்லை.

கருவி வேண்டாம் என்பதல்ல என் கட்சி. நல்ல மைக் ஒன்றும், ஜன்னல் சாத்திய அறையும், 24 பிட்டும் போதும்; மிச்சத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். பெரியம்மா கேட்டால் இன்றைக்கே பாடுவார்.