நான்காவது அச்சம்

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்குச் சுமார் பதினேழு கிலோமீட்டர் வடக்கே, ரஞ்சன்குடிக் கோட்டை பேருந்தில் இருந்தபடியே கண்ணில் படும். செதுக்கிய கற்களை அடுக்கிக் கட்டிய மதில், அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று நிலை அரண். மேலே போனால் ஒரு பள்ளிவாசல், இடிந்த மாளிகை, நிலவறை. 17ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாபுக்குக் கீழிருந்த ஜாகிர்தார் ஒருவர் கட்டியது. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

கைப்பேசியோடு வரும் இளைஞர்களுக்கு இதில் பாதி போதும். நிலவறை இருக்கிறது, ஆள் நடமாட்டம் குறைவு, பொழுது சாய்ந்தால் வெளியே போகச் சொல்கிறார்கள். இந்த மூன்றையும் சேர்த்தால் ஒரு மர்மக் கோட்டை தயார். சுரங்கப்பாதை எந்த ஊருக்குப் போகிறது, ராத்திரி என்ன சத்தம் கேட்கிறது என்று கதை வளர்ந்துவிடும். ராஜஸ்தானின் பான்கர் கோட்டை இப்படித்தான் இந்தியா முழுக்கப் பேர் வாங்கியது. சூரியன் மறைந்தபின் உள்ளே போகக் கூடாது என்று தொல்லியல் துறை வைத்த பலகையை, அரசே பேயை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாகக் காட்டினார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குப் பொதுவாக இருக்கும் நேரக் கட்டுப்பாடு அது.

பேய்ப்படம், கொலைக்கதை, மண்டை ஓடு, விநோதப் பொருள் என்று தேடித் தேடிப் பார்க்கும் இந்த ஆசையை மனக்கோளாறு என்று தள்ளிவிட என்னால் முடியாது. அந்த ஆசை எந்த இடத்தில் போய் நின்றுவிடுகிறது என்பதில்தான் எனக்கு வழக்கு. ரஞ்சன்குடியில் அது நிற்கிற இடத்தைப் பாருங்கள். 1751இல் இந்த வட்டாரத்தில்தான் வாலிகண்டபுரம் சண்டை நடந்தது. ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்காகச் சந்தா சாகிப் ஒரு பக்கம், முகமது அலி ஒரு பக்கம். முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, பின்னவருக்கு ஆங்கிலேயர் துணை. அடுத்த ஆண்டு திருவரங்கத்தருகே சிக்கிக்கொண்ட சந்தா சாகிப் சரணடைந்தார். தஞ்சைப் படைத்தளபதி மானோஜி அவர் தலையை வெட்டச் செய்தார். தென்னிந்தியா யார் கைக்குப் போகும் என்பது ஏறக்குறைய தீர்மானமான ஆண்டுகள் அவை. தலை, ரத்தம், துரோகம் எல்லாமே அந்தக் கதையில் இருக்கின்றன. அதை விட்டுவிட்டு, முகமில்லாத ஒரு பேயை ஏன் கொண்டுவந்து குடிவைக்கிறோம்?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களை நான்காக வகுக்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. இந்தத் துறையில் இதைவிடக் கூர்மையான பகுப்பை நான் படித்ததில்லை. முதலாவது பேய்ப்படம், இரண்டாவது முதலையும் பாம்பும் மிருகமும் வரும் படம், மூன்றாவது குற்றக்கதை. நான்காவதைத்தான் நம் பயச் சந்தை பெரும்பாலும் கடையில் வைப்பதில்லை. ஆள்பவரைக் கண்டு வரும் பயம் அது. மற்ற மூன்றையும் மூட்டிவிட்டு நான்காவதை மறைப்பதா, மூன்றின் வழியாக நான்காவதற்குக் கொண்டுபோவதா என்பதே இந்த ரசனையை நான் நிறுத்துப் பார்க்கும் தராசு.

நம் மரபு பயத்துக்குக் கூசியதில்லை. காரைக்கால் அம்மையார் சுடுகாட்டில் நின்று பாடினார். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் அட்டு உண்கின்றன. ஆனால் அது எந்தப் போர், எந்த அரசன், எந்தத் தளபதி என்பது ஒளிவில்லாமல் தெரியும். நாட்டார் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது. அநியாயமாகச் செத்தவர்களைத் தெய்வமாக்கிப் படையல் போட்டது. காத்தவராயன், முத்துப்பட்டன், பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த நல்லதங்காள் என்று நீளும் அந்த வரிசையில் வருகிறவர்கள் பலர் சாதியாலும் அதிகாரத்தாலும் உயிரைப் பறிகொடுத்தவர்கள். பயத்தோடு ஒரு கடனும் சேர்ந்தே வந்தது. செத்தவருக்கு நாம் ஏதோ செய்ய வேண்டியிருக்கிறது என்ற கடன்.

அச்சு வந்தபின் கொலைச்சிந்து வந்தது. மட்டமான தாளில் சில பக்கங்கள், மேலட்டையில் ஒரு படம். சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் ரயிலிலும் பாடிக்கொண்டே விற்பார்கள். இன்ன ஊர், இன்ன தெரு, இன்னார் மகன் என்று தொடங்கி, கொலை நடந்த விதத்தைச் சொல்லி, பிள்ளைகள் அழுததைச் சொல்லி, தண்டனையோடும் புத்திமதியோடும் முடியும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதுதான் செய்தித்தாள். அதில் ஊரின் இரக்கம் இருந்தது. செத்தவரும் அழுதவரும் நம்மைப் போன்றவர்கள் என்ற நினைப்பு இருந்தது. குறையும் இருந்தது. வழக்கு முடியும் முன்னரே தீர்ப்பு எழுதிவிடும். பெண் சம்பந்தப்பட்டிருந்தால் பழி எளிதாக அவள் தலையில் இறங்கும். இன்றைய யூடியூப் கொலைக்கதைகள் இந்தக் குறை இரண்டையும் அப்படியே வாங்கிக்கொண்டன. இரக்கத்தை வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

1944இல் சென்னை வேப்பேரியில் குத்துப்பட்டு இறந்த லட்சுமிகாந்தன் 'இந்து நேசன்' நடத்தியவர். நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை விற்றே பிழைத்த பத்திரிகை அது. அவருடைய கொலையும் அதே பசிக்கே தீனியானது. எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போனார்கள். பிரிவி கவுன்சில் வரை போய், மறு விசாரணையில் 1947இல்தான் விடுதலையானார்கள். பாகவதரின் திரை வாழ்வு அதன்பின் எழுந்திருக்கவே இல்லை. 1952இல் ஆளவந்தார் கொலை வழக்கு. மானாமதுரையில் ரயில் பெட்டிக்குள் தலையில்லாத உடல், ராயபுரம் கடற்கரையில் தலை. இரண்டும் ஒருவருடையவைதான் என்று மருத்துவர்கள் நிறுவியதைத் தமிழ்நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தது. தடயவியல் என்று ஒன்று உண்டு, ஒரு வழக்கைத் தடயம் தடயமாகக் கட்ட வேண்டும் என்பதைச் சாதாரண வாசகருக்குக் கற்றுக்கொடுத்த வழக்கு அது. குற்றக்கதை ரசனையின் நன்மைப் பக்கத்தில் இதை நான் தயங்காமல் எழுதுவேன்.

ஆட்டோ சங்கர் வழக்குதான் நம் தராசின் நடுமுள். திருவான்மியூர்க் கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்று, சிறையிலிருந்தபடி அவன் எழுதியதாகச் சொன்ன தன்வரலாற்றை நக்கீரன் வெளியிட முனைந்தது. அதில் காவல்துறை, சிறைத்துறை அதிகாரிகளின் தொடர்புகள் வெளிவரும் என்பதே பரபரப்பு. சிறைத்துறை எச்சரித்தது. பத்திரிகை ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபரில் நீதிபதிகள் ஜீவன் ரெட்டியும் சென்னும் கொடுத்த தீர்ப்பு, இன்றைக்கும் இந்தத் துறையில் கால்வைப்பவர் படிக்க வேண்டியது. பொது ஆவணங்களில் உள்ளதை யார் சம்மதமும் இன்றி வெளியிடலாம். அவதூறு வரும் என்று அஞ்சி அதிகாரிகள் முன்கூட்டித் தடுக்க முடியாது. ஆவணத்தைத் தாண்டி ஒருவரின் வாழ்க்கைக்குள் நுழைந்தால் அது அந்தரங்க உரிமையை மீறுவது. ஆவணத்திலேயே இருந்தாலும், பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரை ஊடகத்தில் போட்டு அவளை மறுபடியும் அவமானப்படுத்தக் கூடாது. ஆள்பவரைப் பற்றி எழுது, அடிபட்டவரை விட்டுவிடு. என் வாசிப்பில் அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான்.

1995 ஏப்ரலில் சேலம் சிறையில் அவனைத் தூக்கிலிட்டார்கள். பிற்பாடு இணையத் தொடரும் வந்தது. ஊர் ஞாபகத்தில் அவன் பெயர் தங்கிவிட்டது. அவனை வளரவிட்டவர்கள் யார் என்ற கேள்விதான் மங்கிப்போயிற்று. கொலைகாரனை ஓர் அதிசயப் பிறவியாக்கினால், அவனுக்குக் கதவு திறந்துவிட்டவர்கள் எல்லாரும் தப்பிவிடுகிறார்கள். கொலைக்கதை ரசனையின் மிகப் பெரிய குற்றமாக நான் கருதுவது இதைத்தான்.

பெரம்பலூரிலேயே 2017இல் ஒரு சம்பவம். மாந்திரீகம் செய்துவந்த ஒருவர் வீட்டில் மண்டை ஓடுகளும், சென்னைச் சுடுகாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட இளம்பெண் ஒருவரின் உடலும் இருந்ததைப் போலீஸ் கண்டுபிடித்தது. அகோரி, நரபலி, வசியம் என்று செய்திகள் பறந்தன. அந்தப் பெண்ணின் பெயரும் சாவும்கூட அச்சேறின. மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த ஒரு வீடு, அவள் உடல் வேறொரு மாவட்டத்தில் கிடப்பதைச் செய்தியில் பார்க்க நேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது நினைத்தார்களா? சுடுகாட்டிலிருந்து ஓர் உடல் எப்படி வெளியே போக முடியும், அங்கே பொறுப்பில் இருந்தவர் யார், வாங்குவதற்கு ஆள் இருக்கும்வரைதானே விற்பார்கள் என்ற கேள்விகள் பரபரப்பில் அமுங்கிவிட்டன. அந்த மாந்திரீகரிடம் போனவர்களும் நம் ஊர்க்காரர்கள்தானே. தொழில் நொடித்தவர், திருமணம் தள்ளிப்போனவர், நோயால் நொந்தவர். அவர்கள் கதைதான் உண்மையில் நெஞ்சைப் பிசையக்கூடியது.

பெரம்பலூருக்குத் தெற்கே சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலின் தலக்கதை இதற்கு நேர் எதிர்முகம். செல்லியம்மனைத் தன் மந்திரத்தால் கட்டிப்போட்டு ஏவல் வாங்கினான் ஒரு மந்திரவாதி. மதுரையை எரித்துவிட்டு வந்தவள் அங்கே ஒரு ராத்திரி தங்க இடம் கேட்டாள், மந்திரவாதியை வதைத்தாள், செல்லியம்மன் அவளுக்கே இடத்தை விட்டுவிட்டு மலைக்குப் போனாள். திங்களும் வெள்ளியும் அங்கே கூடும் கூட்டம் கும்பிடுவது மந்திரத்தை முறித்தவளை. பயத்தைத் தூண்டுவதும் பயத்தை வைத்துப் பிழைப்பவனைக் கொல்வதும் ஒரே கதைக்குள் நடந்துவிடுகிறது. நம் ஊர்க் கதைசொல்லிகள் இந்த நுட்பத்தைக் கையில் வைத்திருந்தார்கள்.

சினிமாவுக்கு வருவோம். அநியாயமாகச் செத்தவர் பேயாக வந்து நியாயம் கேட்பதே நம் படங்களின் பொதுச் சட்டகம். 2011இல் வந்த 'காஞ்சனா' ஒரு திருநங்கையின் கோபத்தை வெகுமக்கள் அரங்கில் கைதட்ட வைத்தது. அது சிறிய காரியமல்ல. ஆனால் நிலம் பறித்தவனைத் தண்டிக்கப் பேய் வந்தே ஆக வேண்டும் என்ற முடிவு, நீதிமன்றமும் அரசும் செய்ய வேண்டியதை ஆவியிடம் ஒப்படைத்துவிடுகிறது. வெற்றி கண்ட சட்டகம் என்பதால் அதையே வரிசையாக எடுத்து, பேயைச் சிரிப்புக்கு ஊறுகாயாக்கிவிட்டார்கள். 2014இல் மிஷ்கினின் 'பிசாசு' மட்டும் செத்தவளின் அன்பைப் படமாக்கத் துணிந்தது. 'டிமான்ட்டி காலனி'யோ சென்னை ஆழ்வார்பேட்டையில் உண்மையாகவே இருக்கும் ஒரு தெருவை, ஜான் டிமான்ட்டி என்ற உண்மையான வணிகரின் பெயரை, பேயின் விலாசமாக்கியது. படத்துக்குப் பிறகு அந்தத் தெருவுக்குக் கேமராவோடு போனவர்கள் ஏராளம். ரஞ்சன்குடியில் நடப்பது அதன் கிராமப் பதிப்பு.

பயம் மனசுக்கு நல்லது செய்கிறதா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் திகில் பட ரசிகர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மனம் கலங்கினார்கள் என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. உண்மைக் குற்றக்கதைகளை ஆண்களைவிடப் பெண்கள் விரும்பிப் படிப்பதை 2010இல் விகாரியும் ஃப்ராலியும் ஆராய்ந்தார்கள். தப்பிக்கும் வழி சொல்லும் கதைகள் பெண்களைக் கூடுதலாக ஈர்க்கின்றனவாம். இரவுப் பேருந்தில் தனியாக வரும் பெண்ணுக்கு இது வேடிக்கை அல்ல, தயாரிப்பு. இந்த ரசனையைக் கேவலமாகப் பேசுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

விநோதப் பொருள் மோகத்திலும் நல்லது நடக்கும். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி மண் வெட்டியபோது உருண்டை உருண்டையாகக் கல் கிடைத்தது. டைனோசர் முட்டை என்று செய்தி பறந்தது, கூட்டம் கூடியது. புவியியலாளர்கள் வந்து பார்த்து, அம்மோனைட் போன்ற கடலுயிர் எச்சங்களைச் சுற்றிப் படிவு சேர்ந்து இறுகிய உருண்டைகள் என்றார்கள். ஏமாற்றம் போல இருக்கிறது. ஆனால் தாங்கள் நிற்கும் நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தது என்பதைப் பல குடும்பங்கள் அன்றுதான் கேட்டன. பக்கத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருப்பதை ஊர்க்காரர்களே மறுபடி போய்ப் பார்த்தார்கள். புரளி அங்கே பதிலைத் தேடிப் போனது, அதனால் பிழைத்தது.

நான்காவது அச்சத்துக்கு அரியலூரில் சாட்சி உண்டு. 1956 நவம்பர் 23 விடியலில் மருதையாற்று வெள்ளத்தில் பாலம் போய், தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றுக்குள் விழுந்தது. நூற்றுநாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். துணை அமைச்சர் அழகேசனின் பெயர் அடுத்து வந்த தேர்தலில் எதிர்க்கட்சி முழக்கமாயிற்று. அந்த விபத்தை ஆற்றுக்குள் கேட்கும் அலறலாகவும் சொல்லலாம். ஆனால் மக்கள் அன்று பாலத்தைப் பற்றியும் பொறுப்பைப் பற்றியும் பேசினார்கள்.

1993இல் விருத்தாசலத்தை அடுத்த முதனைப் பகுதியிலிருந்து திருட்டு வழக்கில் பிடித்துச் செல்லப்பட்ட ஒருவர் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். போலீஸ் அவர் தப்பியோடிவிட்டதாகச் சொன்னது. இன்றைய அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டிப் பக்கம் அடையாளம் தெரியாத ஒரு சடலம் கிடந்தது. அப்படியே விட்டிருந்தால் சாலையோரப் பிணம், மர்மச் சாவு என்று ஒரு பேய்க்கதைக்கு முதல் வரியாகியிருக்கும். கணவர் தப்பியோடினார் என்ற கதையை ஏற்க மறுத்து அவர் மனைவி வழக்கறிஞர் சந்துருவிடம் போனார். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. சடலத்தின் படம் அடையாளம் காட்டப்பட்டது. காவலர்கள் தண்டனை பெற்றார்கள். 2021இல் 'ஜெய் பீம்' அதையே படமாக்கியது. அந்தக் காவல் நிலையக் காட்சிகளைப் பார்த்து நடுங்கிய நடுக்கம் எந்தப் பேய்ப்படத்திலும் எனக்கு வந்ததில்லை.