கிழவி வேடத்துக்குள் ஒரு மகா நடிகை

லூயிஜி கொமென்சினியின் 'பானே, அமோரே எ ஃபந்தாசியா' (ரொட்டி, காதல், கற்பனை) 1953இல் வெளியானபோது தீனா பீக்காவுக்கு வயது 69. மலைக் கிராமத்துக்கு மாற்றலாகி வரும் காவல் அதிகாரி கரோட்டெனூட்டோவாக விட்டோரியோ டி சிகா, அவர் மனதைக் கலைக்கும் ஏழைப் பெண்ணாக ஜீனா லொல்லோபிரிஜிடா. அதிகாரிக்குச் சமைத்துப் போட்டு வீட்டைக் கவனிக்கும் கிழவி காரமெல்லாதான் தீனா பீக்கா. கருப்பு உடை, ஒட்டி உலர்ந்த உடம்பு, ஆண்குரல் போலக் கரகரக்கும் குரல். வரும் காட்சிகள் சொற்பம். ஆனால் அந்தப் படத்திலிருந்து அவரைப் பிரித்தெடுத்தால் டி சிகாவின் காதல் மன்னன் வெறும் வழிசல் ஆசாமியாகிவிடுவார். அவர் மீசையை முறுக்கிக்கொண்டு கனவில் மிதக்கும்போதெல்லாம் தரைக்கு இழுத்துவர ஒரு ஆள் வேண்டும். காரமெல்லாவின் ஒரு பார்வை அதைச் செய்துவிடும்.

இத்தாலிய நாடக மரபில் இந்த இடத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழுக்கள் நடிகர்களை வேட வகை பார்த்தே ஒப்பந்தம் செய்தன. கதாநாயகி, கதாநாயகன், பெருந்தாய், துடுக்கான வேலைக்காரப் பெண், குணச்சித்திரம் என்று ஆளுக்கு ஓர் இடம். நாடகம் மாறும், அந்த இடம் மாறாது. 1884இல் நேப்பிள்ஸில் ஒரு நடிகரின் மகளாகப் பிறந்த தீனா பீக்கா, சிறுமியாக இருந்தபோதே இந்த உலகத்தின் மேடையில் நின்றவர். இந்த முறையைக் குறுகியது என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே வகை வேடத்தை நூறு நாடகங்களில் செய்யும் நடிகைக்கு, எந்த இடத்தில் மூச்சு விட்டால் அரங்கம் சிரிக்கும், எந்த இடத்தில் நின்றால் அமைதியாகும் என்பது உடம்பிலேயே படிந்துவிடும். அவர் நுழைந்த கணத்திலேயே பாத்திரத்தின் பாதி வரலாறு பார்வையாளருக்குப் புரிந்துவிடுவதால், மீதி நேரத்தை நுணுக்கத்துக்குச் செலவிடலாம்.

அந்த நுணுக்கத்தைக் காண நாடகாசிரியர் எடுவார்டோ டி ஃபிலிப்போவிடம்தான் போக வேண்டும். 1946இல் மேடையேறிய அவருடைய 'ஃபிலுமேனா மார்த்துரானோ' நாடகத்தில் ரோசாலியா என்ற வயதான வேலைக்காரியாக நடித்தவர் தீனா பீக்கா. 1951இல் எடுவார்டோவே அதைப் படமாக்கியபோதும் அந்தப் பாத்திரம் அவரிடமே இருந்தது. ஃபிலுமேனாவுக்கு மூன்று ஆண் பிள்ளைகள். தங்கள் தாய் யாரென்றே தெரியாமல் வளர்ந்தவர்கள். அவர்களை வரவழைக்கும் கடிதங்களைச் சுமந்து செல்பவள் ரோசாலியா. பெரிய ரகசியம் ஒன்றைக் காக்கும் கிழவி அவள், சிரிப்பு மூட்டும் கிழவியும் அவளே. எடுவார்டோ இந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் எழுதினார். தீனா பீக்காவும் இரண்டையும் பிரிக்காமல் நடித்தார். காரமெல்லாவுக்கும் இதே கருப்பு உடைதான், இதே முணுமுணுப்புதான். ரோசாலியாவிடம் அவை ஒரு பெண்ணின் ஆயுளைச் சொல்கின்றன.

குணச்சித்திர முறைக்கு இன்னொரு பெருமையும் உண்டு, அதை நாம் போதிய அளவு பேசுவதில்லை. 1950களின் இத்தாலிய சினிமா இளம் அழகிகளின் சினிமா. லொல்லோபிரிஜிடா, சோஃபியா லாரன், சில்வானா பம்பனீனி என்று உடல் வனப்பே சுவரொட்டிகளை நிறைத்த காலம். அந்தக் காலத்தில், எழுபதை நெருங்கிய ஒரு பெண் நாடே கொண்டாடும் நட்சத்திரமானார். காரமெல்லா வந்த படத்தின் தொடர்ச்சியான 'பானே, அமோரே எ ஜெலோசியா' (ரொட்டி, காதல், பொறாமை) அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான 'வெள்ளி ரிப்பன்' விருதை 1955இல் பெற்றுத் தந்தது. கதாநாயகி என்ற ஒரே வாசல் மட்டும் இருந்திருந்தால் இந்தப் பெண்ணை நாம் பார்த்திருக்கவே முடியாது.

சிக்கல் அந்தப் புகழோடுதான் வருகிறது. காரமெல்லாவை மக்கள் விரும்புகிறார்கள் என்று கண்டதும் தயாரிப்பாளர்கள் அவளை மட்டும் தனியே பிய்த்தெடுத்து ஒரு சரக்காக்கினார்கள். 'மியா நோன்னா பொலிசியோத்தோ'வில் (என் பாட்டி போலீஸ்காரி, 1958) துப்பறியும் பாட்டி, 'லா செரிஃபா'வில் (1959) அமெரிக்க மேற்குப் பகுதிக்குப் போகும் பாட்டி. அதே ஆண்டு வந்த ஒரு படத்துக்கு அவர் பெயரையே தலைப்பில் வைத்தார்கள்: 'லா பீக்கா சுல் பசிஃபிகோ', அதாவது பசிபிக்கில் பீக்கா. பாத்திரத்துக்கு இனிப் பெயர்கூடத் தேவையில்லை என்று ஆகிவிட்டது. கறியில் உப்பு நன்றாக இருக்கிறது என்பதற்காக உப்பை மட்டும் இலையில் குவித்த கதை இது. யாரையோ அதட்டுவதற்காக உருவான குரல், அதட்டப்பட வேண்டிய ஆள் இல்லாமல் படம் முழுக்க ஒலிக்கிறது. வயதான உடம்பைத் துப்பாக்கியோடும் சாகசத்தோடும் சேர்த்தாலே சிரிப்பு வந்துவிடும் என்ற நினைப்பில், அவருடைய முதுமையே நகைச்சுவையாகிவிடுகிறது. இது எனக்கு வருத்தம் தரும் பகுதி. அறுபது வருடத் தொழில் அறிவை இந்தப் படங்கள் ஒரு முகச்சுளிப்பாகச் சுருக்கிவிட்டன.

கதாநாயகியாக வந்ததே தவறு என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. டீனோ ரிசியின் 'லா நோன்னா சபெல்லா'விலும் (சபெல்லா பாட்டி, 1957) அவர்தான் மையம். பேரனை ஊருக்கு வரவழைத்துத் தான் பார்த்த பெண்ணைக் கட்டிவைக்கச் சாகக் கிடப்பதாக நடிக்கும் பாட்டி. தன் தங்கையின் கல்யாணத்தை வருடக்கணக்காகத் தடுத்து, அவளை நிச்சயதார்த்தத்தோடேயே கிழவியாக்கிவிட்டவள். பெப்பீனோ டி ஃபிலிப்போவும் தோலோரெஸ் பலும்போவும் அந்த வயதான காதலர்களாக நடுங்கி நிற்கும்போது, தீனா பீக்காவின் அதட்டலுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் சொத்தும் அதிகாரமும் பயமும் தெரிகின்றன. சிரிக்கிறோம், ஆனால் அவளுடைய கொடுமை நமக்கு உறைக்கிறது. பாட்டி வேடம் அதேதான். சுற்றி மனிதர்களை எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வேடப்பூட்டு அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. நடிகை ஆவே நின்கி தன் முப்பது வயதையொட்டியே குடும்பத் தலைவி வேடங்களுக்குள் அமர்த்தப்பட்டார். பருத்த, அன்பான தாய் என்ற அச்சிலிருந்து அவரைச் சினிமா அதிகம் வெளியே விடவில்லை. தீனா பீக்காவுக்கு இன்னொரு பூட்டும் இருந்தது: அவருடைய நேப்பிள்ஸ் பேச்சு. எடுவார்டோவிடம் அது துயரத்தையும் அறத்தையும் பேசும் முழு மொழி. 1950களின் வணிகப் படங்களிலோ தெற்கத்திய உச்சரிப்பு கேட்டாலே சிரிக்க வேண்டும் என்ற அடையாளமாக அது தேய்ந்துபோனது. நடிகையைச் சுருக்கியவர்கள் அவருடைய ஊரையும் சேர்த்தே சுருக்கினார்கள்.

1963இல், 79 வயதில், டி சிகா இயக்கிய 'இயேரி, ஓஜ்ஜி, தொமானி'யில் (நேற்று, இன்று, நாளை) அவர் நடித்தார். அதுதான் அவருடைய கடைசிப் படம். ரோமில் பியாத்சா நவோனாவைப் பார்த்த மாடிவீடு. பக்கத்து வீட்டில் விலைமாது மாராவாக சோஃபியா லாரன். பாதிரியார் படிப்புக்குப் போகும் தன் பேரன் அவளைப் பார்த்து மயங்குகிறான் என்று கண்டதும் பாட்டி மாடியிலிருந்தே வசை மழை பொழிகிறார். இதுவரை நமக்குப் பழகிய தீனா பீக்காதான். பேரன் படிப்பையே விடப் போகிறான் என்றானதும், அதே பாட்டி அதே மாராவிடம் உதவி கேட்டு நிற்கிறார். டி சிகா இங்கே வேடத்தை மாற்றவில்லை. கருப்பு உடையும் உண்டு, கரகரத்த குரலும் உண்டு. தான் இழிவாகப் பேசிய ஒருத்தியிடம் கை நீட்ட வேண்டிய நிலைக்கு அந்தக் குரலைக் கொண்டுவந்தார். அந்தக் குரல் இப்போது கெஞ்சுகிறது, அதட்டலின் சொரசொரப்பு முழுதாகப் போகாமலே கெஞ்சுகிறது. பத்து ஆண்டுகள் அதட்டலை மட்டுமே கேட்டுப் பழகிய ரசிகர்களுக்கு அந்தக் குரலின் இறக்கம் துல்லியமாகக் கேட்டிருக்கும். முன்பின் பார்த்திராத ஒரு நடிகையால் அந்தக் காட்சியில் அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது.